வழி காட்டும் செல்போன்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். புது ஊருக்குப் போனால் நான்கு பேரிடம் வழி கேட்டுப் போய்விடலாம். ஆனால் நம் மொழி தெரியாத ஊருக்குப் போனால் என்ன செய்வது?

மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. திருநெல்வேலி போன்ற மாவட்டங்களில் இருந்து பிழைப்புக்குப் போன தமிழர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ஊரில் இருந்து புதிதாக வருபவருக்கு அங்கே இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கடைப் பலகையைப் படிக்க முடியாது. வழி கேட்டால், பதில் சொல்வது புரியாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கூட வர வேண்டும். கூட வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும்.

இப்போது பல வீடுகளில் தொடுதிரை செல்போன் இருக்கிறது. அந்தச் செல்போன் வழி காட்டும். தமிழிலேயே பேசியும் காட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் இதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் சில நேரம் அது இடத்தைக் காட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நேரம் பக்கத்துத் தெருவைக் காட்டும். அவசரத்தில் நமக்குக் கோபம் வரும். ஏன் இப்படி ஆகிறது? அதை எப்படிச் சரி செய்வது? வாருங்கள், பார்ப்போம்.

வானத்தில் இருக்கும் கடிகாரங்கள்

நாம் எங்கே நிற்கிறோம் என்பது செல்போனுக்கு எப்படித் தெரியும்?

வானத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டு இருக்கின்றன. அவற்றில் சில, வழி காட்டுவதற்காகவே அனுப்பப்பட்டவை. இந்த ஏற்பாட்டுக்கு ஜி.பி.எஸ். என்று பெயர். இது அமெரிக்கா அமைத்தது. இதன் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் இந்த ஏற்பாடு முழுமையாக வேலை செய்யத் தொடங்கியது. இதற்குக் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் வேண்டும். இப்போது சுமார் 30 இருக்கின்றன. அவை பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒரு நாளில் இரண்டு முறை பூமியைச் சுற்றி வருகின்றன.

ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் மிகச் சரியாக நேரம் காட்டும் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன். இப்போது மணி இவ்வளவு" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒலியாகச் சொல்வதில்லை. வானொலி அலையாக அனுப்புகிறது. நம் செல்போன் அந்த அலையைக் கேட்கிறது.

மழைக்காலத்தில் நாம் மின்னலைப் பார்க்கிறோம். கொஞ்ச நேரம் கழித்து இடி கேட்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி ஆனால், இடி விழுந்த இடம் சுமார் 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 6 விநாடி ஆனால், சுமார் 2 கிலோமீட்டர். நேரத்தை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? செல்போனும் அதையேதான் செய்கிறது. அலை புறப்பட்ட நேரம் என்ன, வந்து சேர்ந்த நேரம் என்ன என்று பார்க்கிறது. அதில் இருந்து தூரத்தைக் கணக்குப் போடுகிறது.

வானொலி அலை ஒரு விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். அதனால்தான் அந்தக் கடிகாரங்கள் அவ்வளவு சரியாக இருக்க வேண்டும்.

ஆடும் முளையும்

தூரம் தெரிந்தால் மட்டும் இடம் தெரிந்துவிடுமா?

ஒரு ஆட்டை முளையில் கட்டுகிறோம். கயிறு 5 மீட்டர் நீளம். ஆடு கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்கிறது. ஆடு எங்கே இருக்கும்? முளையைச் சுற்றி 5 மீட்டரில் ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் மேல் எங்கேயாவது இருக்கும். சரியான இடம் தெரியாது.

அதே ஆட்டை இன்னொரு முளையிலும் கட்டினால்? இரண்டு வட்டங்களும் சந்திக்கும் இடத்தில்தான் அது நிற்க முடியும். அப்படி இரண்டு இடங்கள் இருக்கலாம். மூன்றாவது முளையிலும் கட்டினால்? ஒரே ஒரு இடம்தான்.

இங்கே செயற்கைக்கோள்கள்தான் முளைகள். தூரம்தான் கயிறு. நாம்தான் ஆடு. நம் செல்போனில் இருக்கும் கடிகாரம் சாதாரணக் கடிகாரம். அதன் பிசகைச் சரி செய்ய நான்காவது செயற்கைக்கோள் வேண்டும். ஆகவே ஒரே நேரத்தில் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் அலை செல்போனுக்குக் கிடைக்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் நின்றால், நம் இடத்தைச் சுமார் 5 மீட்டர் வித்தியாசத்தில் அது சொல்லிவிடும்.

நம் நாட்டின் நாவிக்

அமெரிக்காவைப் போல ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவையும் இப்படிச் செயற்கைக்கோள்களை அனுப்பியுள்ளன. நம் இந்தியாவும் அனுப்பியுள்ளது. நம் ஏற்பாட்டின் பெயர் நாவிக். இதன் முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ நிறுவனம் 2013 ஜூலை 1-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவியது. ஏழாவது செயற்கைக்கோள் 2016 ஏப்ரலில் ஏவப்பட்டது. புதிய வகைச் செயற்கைக்கோள் ஒன்று 2023 மே 29-ஆம் தேதி ஏவப்பட்டது. நாவிக் நம் நாட்டுக்கும், அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் தூரத்துக்கும் வழி காட்டுவதற்காக அமைக்கப்பட்டது. இப்போது வரும் பல செல்போன்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் செயற்கைக்கோள்களைக் கேட்கும். சில செல்போன்கள் நாவிக்கையும் கேட்கும்.

இரண்டு வேலை, இரண்டு இணைப்பு

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இது புரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வழி காட்டும்போது செல்போன் இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. இதற்கு வானத்தில் இருந்து செயற்கைக்கோளின் அலை வேண்டும். இது இலவசம். இதற்குச் சிம் கார்டில் பணம் போட வேண்டியது இல்லை. செல்போன் கேட்பதோடு சரி, செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவது இல்லை.

இரண்டாவது வேலை, தெருக்கள் உள்ள படத்தைக் காட்டுவது. இதற்கு இணையம் வேண்டும். அதாவது செல்போன் கோபுரத்தின் டேட்டா வேண்டும்.

எது கெட்டிருக்கிறது என்று திரையைப் பார்த்தே சொல்லலாம்.

படத்தில் ஒரு நீலப் புள்ளி இருக்கும். அதுதான் நீங்கள். புள்ளி சரியாக நகர்கிறது, ஆனால் சுற்றிலும் தெருக்கள் வரவில்லை, வெறுமையாக இருக்கிறது என்றால் இணையம் வரவில்லை என்று பொருள்.

தெருக்கள் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் புள்ளியைச் சுற்றி வெளிர் நீலத்தில் பெரிய வட்டம் இருக்கிறது. அல்லது புள்ளி அங்கும் இங்கும் தாவுகிறது. அப்படி என்றால் வானத்து அலை சரியாகக் கிடைக்கவில்லை. "இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள்" என்று செல்போன் சொல்கிறது. வட்டம் சிறிதாகச் சிறிதாக இடம் உறுதி ஆகிறது.

ஏன் தாமதம் ஆகிறது?

முதல் காரணம், வானம் தெரியாதது. செயற்கைக்கோளின் அலை 20,000 கிலோமீட்டர் கடந்து வருகிறது. வந்து சேரும்போது மிகவும் மெலிந்துபோய் இருக்கும். தகரக் கூரையையும் கான்கிரீட் தளத்தையும் தாண்டி அது வருவது கடினம். தாராவியில் பல சந்துகள் ஒரு ஆள் போகும் அகலம்தான் இருக்கும். மேலே தகரம் நீட்டிக்கொண்டு இருக்கும். அங்கே வானமே தெரியாது. சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை நீண்ட வழியில் சுற்றி வருகிறது. அதனால் செல்போனின் தூரக் கணக்கு தப்பாகிறது. புள்ளி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது காரணம், செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்பது செல்போனுக்கு மறந்துபோயிருப்பது. செயற்கைக்கோள் தன் விவரத்தை மிக மெதுவாகவே அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோள் தன் சொந்த விவரத்தைச் சொல்லி முடிக்க 30 விநாடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் சொல்லி முடிக்க 12½ நிமிடம் ஆகும். நடுவில் தடை வந்தால், விட்டுப்போனதை மறுபடியும் கேட்க வேண்டும்.

ஊரில் செல்போனை அணைத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் ரயிலில் வந்து, மும்பையில் அதைத் திறக்கிறோம். பழைய விவரம் இப்போது உதவாது. ஆகவே முதல் முறை தாமதம் ஆகும். இணையம் இருந்தால், அதே விவரத்தைச் செல்போன் சில விநாடிகளில் இணையம் மூலம் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் டேட்டா இருக்கும்போது இடம் சீக்கிரம் கிடைக்கிறது.

மூன்றாவது காரணம், செல்போனின் அமைப்பு. பேட்டரி தீராமல் இருக்கச் சிலர் பேட்டரி சேமிப்பைப் போட்டு வைப்பார்கள். அப்போது சில செல்போன்கள் இடம் தேடும் வேலையைக் குறைத்துவிடும்.

சரி செய்வது எப்படி?

இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். சரியானதும் நிறுத்திவிடலாம்.

1. திறந்த இடத்துக்கு வாருங்கள். சந்தில் இருந்தால் பெரிய சாலைக்கு வாருங்கள். தாராவியில் இருப்பவர்கள் 90 அடி சாலைக்கோ 60 அடி சாலைக்கோ வந்தால் போதும். செல்போனைக் கையில் பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சாலையின் ஓரத்தில் நில்லுங்கள், நடுவில் வேண்டாம்.

2. திரையை மேலிருந்து கீழே இழுங்கள். அங்கே 'லொக்கேஷன்' அல்லது 'இருப்பிடம்' என்று இருக்கும். அது அணைந்திருந்தால் தொட்டு எரிய விடுங்கள்.

3. பேட்டரி சேமிப்பு போட்டிருந்தால் அணையுங்கள்.

4. டேட்டா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால், விமானப் படம் உள்ள பொத்தானைத் தொடுங்கள். பத்து விநாடி கழித்து மறுபடியும் தொட்டு அணையுங்கள். செல்போன் கோபுரத்தைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும்.

5. அமைப்புகள் பகுதிக்குப் போங்கள். இதை 'செட்டிங்ஸ்' என்பார்கள். அங்கே வழி காட்டும் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். 'துல்லியமான இருப்பிடம்' என்று ஒன்று இருக்கும். அது எரிய வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் பேட்டையை மட்டும் காட்டும், தெருவைக் காட்டாது.

6. புள்ளி சரியாக இருந்து, அதன் முனை வேறு திசையைக் காட்டினால், செல்போனின் திசைகாட்டி குழம்பி இருக்கிறது. செல்போனைக் கையில் பிடித்துக் காற்றில் 8 என்று சில முறை எழுதுங்கள். செல்போன் உறையில் காந்தம் இருந்தால் உறையைக் கழற்றுங்கள்.

7. எதுவும் பலிக்கவில்லை என்றால், செல்போனை அணைத்துத் திரும்பத் திறங்கள்.

"உங்கள் ஜி.பி.எஸ்.ஸை வேகமாக்குகிறோம், இதைத் தொடுங்கள்" என்று யாராவது செய்தி அனுப்பினால் தொடாதீர்கள். மேலே சொன்னவற்றைச் செய்ய யாருக்கும் பணம் தர வேண்டியது இல்லை. கடவுச் சொல்லையும், செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

இணையம் இல்லாத இடத்துக்கு

புறப்படும் முன்பே ஊரின் படத்தைச் செல்போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். கூகுள் மேப் செயலியில் மேலே ஓரத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தோ படமோ உள்ள வட்டம் இருக்கும். அதைத் தொட்டால் 'ஆஃப்லைன் மேப்ஸ்' என்று வரும். அங்கே போய், வேண்டிய ஊரைத் தேர்ந்து இறக்கிக்கொள்ளுங்கள். இலவச வைஃபை கிடைக்கும் இடத்தில் செய்தால் டேட்டா செலவு இல்லை. அதன் பிறகு இணையம் இல்லாவிட்டாலும் தெருக்கள் தெரியும். வண்டியில் போகும் வழியையும் காட்டும். சாலையில் நெரிசல் இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது.

வழி கேட்பது எப்படி?

மேலே உள்ள நீண்ட கட்டத்தில் போக வேண்டிய இடத்தின் பெயரைத் தமிழில் எழுதலாம். எழுத நேரம் ஆனால், ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசலாம்.

இடம் வந்ததும் உடனே புறப்பட்டுவிடாதீர்கள். கீழே உள்ள முகவரியைப் படியுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நாட்டின் பல மாநிலங்களில் இருந்தும் மக்கள் மும்பை டாடா மருத்துவமனைக்கு வருகிறார்கள். பெரிய மருத்துவமனை பரேலில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் இன்னொரு மருத்துவமனை நவி மும்பையில் கார்கர் என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் வெகு தூரம். மருத்துவர் தந்த சீட்டில் எந்த இடம் எழுதியிருக்கிறது? திரையில் எந்த இடம் வந்திருக்கிறது? இரண்டையும் ஒப்பிட்டுப் படியுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டால் ஒரு நாள் வீணாகலாம்.

பிறகு நடந்தா, வண்டியிலா, ரயிலிலா என்று தேர்ந்தெடுங்கள். 'தொடங்கு' என்பதைத் தொடுங்கள். வண்டி ஓட்டும்போது திரையைப் பார்க்கக் கூடாது. குரலைக் கேட்டுப் போங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

செல்போன் சொன்னாலும் கண் பார்க்க வேண்டும்

உத்தரப் பிரதேச மாநிலத்தில் பரேலி என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே ராம்கங்கா ஆற்றின் மேல் ஒரு பாலம் இருந்தது. அதன் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் இடிந்துபோயிருந்தது. அந்த விவரம் செல்போன் படத்தில் ஏறவில்லை. 2024 நவம்பர் 24-ஆம் தேதி அந்தப் பாலத்தில் போன கார் ஆற்றில் விழுந்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள். செல்போன் காட்டிய வழியில் அவர்கள் வந்ததாகக் காவல் துறையினர் கூறினர். பாலத்தில் போதிய தடுப்பும் இல்லை என்று செய்திகள் வந்தன.

இதில் நாம் அறிய வேண்டியது என்ன? நாம் எங்கே இருக்கிறோம் என்பதைத்தான் செயற்கைக்கோளின் அலையை வைத்துச் செல்போன் கண்டுபிடிக்கும். பாலம் இடிந்தது அதற்குத் தெரியாது. படத்தை யாரோ மனிதர்கள் சொல்லித்தான் திருத்த வேண்டும். அதுவரை பழைய படம்தான் வரும்.

மும்பையில் மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்கும். செல்போன் அந்த வழியே போகச் சொல்லலாம். தண்ணீர் நிற்கும் சாலை, இருட்டான ஆளில்லாச் சாலை, 'வழி மூடப்பட்டுள்ளது' என்ற பலகை, இவற்றைப் பார்த்தால் நில்லுங்கள். செல்போன் என்ன சொன்னாலும் போக வேண்டாம். அங்கே உள்ளவர்களைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் திரையில் உள்ள ஊர்ப் பெயரைக் காட்டிக் கையால் கேளுங்கள். உதவி செய்ய ஆள் கிடைப்பார்கள்.

அவசர நேரத்தில்

நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வருகிறது. ஆம்புலன்ஸ் வர வேண்டும். "எந்த இடம்?" என்று கேட்கிறார்கள். சந்துக்குப் பெயர் இல்லை, வீட்டுக்கு எண் இல்லை. எப்படிச் சொல்வது?

நம் நாட்டின் அவசர உதவி எண் 112. ஆம்புலன்சுக்குப் பல மாநிலங்களில் 108. இவற்றை அழைக்க இணையம் தேவை இல்லை.

செல்போனில் நீலப் புள்ளி உள்ள இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால், இரண்டு எண்கள் வரும். தாராவியில் நின்றால் அவை 19.04 என்றும் 72.85 என்றும் தொடங்குவது போல இருக்கும். முதல் எண் வடக்குத் தெற்கைச் சொல்லும். இரண்டாவது எண் கிழக்கு மேற்கைச் சொல்லும். புள்ளிக்குப் பிறகு நான்கு எண்கள் வரை படித்துச் சொன்னால், சுமார் 10 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். எண்களைப் படிக்கத் தெரிந்த நீங்கள் இதைச் சொல்ல முடியும்.

பெரிய சாலையில் உள்ள ஒரு கோயில், பள்ளி அல்லது கடையின் பெயரையும் சொல்லுங்கள். ஒருவரை அந்த இடத்தில் நிற்க வையுங்கள். ஆம்புலன்ஸ் சந்துக்குள் வராது.

வீட்டாருக்கு வாட்ஸாப்பில் இருப்பிடத்தை அனுப்பலாம். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இது நல்ல துணை. நம்பிக்கையான ஆளுக்கு மட்டும் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் பகிர்வதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டியது இல்லை.

செய்து பாருங்கள்

அவசரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே பழகிக்கொள்ளுங்கள்.

1. வீட்டுக்குள் நின்று நீலப் புள்ளியைப் பாருங்கள். பிறகு வெளியே வந்து பாருங்கள். வட்டம் சிறிதாகிறதா?

2. உங்கள் வீட்டின் இரண்டு எண்களைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் 112 என்றும் எழுதுங்கள். கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

3. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வழி கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர்? நடந்தால் எவ்வளவு நேரம்?

4. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் ஒரு முறை நடந்து பாருங்கள். வழியில் உள்ள பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். செல்போன் காட்டிய வழி சரியா?

5. நீங்கள் கற்றதைப் பக்கத்து வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.